மனசு வைத்தால் மட்டும் அரியர் போய்விடுமா?

கேள்வி: மேடம், நான் கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாவது வரை படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். முதல் செமஸ்டரில் கணிதத்திலும் பைத்தான் புரோகிராமிங்கிலும் அரியர். பள்ளியில் நான் ஃபெயில் ஆனதே இல்லை. வகுப்பில் இங்கிலீஷில் நடத்தும்போது பாதி புரிவதில்லை, எழுந்து கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஹாஸ்டலில் ராத்திரி ஒரு மணி வரை தனியாக உட்கார்ந்து படிக்கிறேன், மனதில் நிற்கவில்லை. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் அம்மா தினமும் போனில் அழுகிறார். போன மாதம் கல்லூரிக்கு ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வந்தார். ‘கலாம் பேப்பர் போட்டுப் படித்தார். சூழ்நிலையைக் குறை சொல்லாதே, மனசு வைத்தால் எல்லாம் நடக்கும்’ என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும், அப்படியென்றால் கோளாறு என் மனதில்தான் என்று தோன்றியது. நான் இந்தப் படிப்புக்கு லாயக்கில்லையா? விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் பி.எஸ்சி. சேர்ந்துவிடலாமா? அப்பாவிடம் அரியரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.
- பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகளே, லாயக்கு இருக்கிறதா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

மாணவர் ஆலோசகர் வேலைக்கு வருவதற்கு முன் நான் கணிதம் நடத்தியவள். அதனால் உபதேசத்துக்குப் பதில் ஒரு கணக்கு தருகிறேன். நோட்டை எடுத்துக்கொள். முதல் வரியில் 2, 1. இரண்டாம் வரியில் 1, 2. இப்படி ஒரு அணி எழுது. மூலைவிட்டத்தில் இருக்கும் இரண்டு 2-இலிருந்தும் லாம்டா என்ற தெரியாத எண்ணைக் கழி. வருகிற அணிக்கோவையின் மதிப்பைக் கண்டுபிடித்துச் சுழியத்துக்குச் சமப்படுத்து. லாம்டா வர்க்கம் கழித்தல் 4 லாம்டா கூட்டல் 3 சமம் 0 என்று வரும். காரணிப்படுத்து. விடை 1, 3.

நீ இப்போது போட்டதற்குத்தான் உன் கல்லூரியில் ஐகன் வேல்யூ என்று பெயர். முதல் செமஸ்டர் கணிதத்தின் முதல் யூனிட்டே இதில்தான் தொடங்குகிறது. இதில் இருபடிச் சமன்பாடு நீ பத்தாம் வகுப்பில் போட்டது. அணிக்கோவை பதினொன்றாம் வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் பாடமே அணிகள், அணிக்கோவைகளின் பயன்பாடுகள்தான். புதிதாக வந்தது லாம்டா ஒன்றுதான். பேராசிரியர் ‘டிடர்மினன்ட்’ என்று சொல்லும்போது அது உனக்குத் தெரிந்த அணிக்கோவைதான் என்று நீ பிடிப்பதற்குள் போர்டில் மூன்று வரி ஓடியிருக்கும். மீதி ஐம்பது நிமிஷமும் நீ விட்ட அந்த மூன்று வரியைத் தேடிக்கொண்டிருந்திருப்பாய். நீ பின்தங்கியது இந்த இடத்தில். இதை மூளைக் கோளாறு என்று எந்த நேர்மையான ஆசிரியரும் சொல்லமாட்டார்.

சரி, பேச்சாளர் சொன்னதற்கு வருகிறேன். கலாம் பேப்பர் போட்டது உண்மை. ஆனால் மேடையில் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எப்போதும் பாதியைத்தான் சொல்கிறார்கள். ராமேஸ்வரத்தில் அந்தப் பேப்பர் வேலையைச் சிறுவனுக்குக் கொடுத்தவர் உறவினர் சம்சுதீன். சென்னை எம்ஐடி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தபோது கட்டப் பணமில்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். படித்து முடித்து, விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். எட்டுப் பேரை எடுத்தார்கள், இவர் ஒன்பதாவது ஆள். நொந்துபோய் ரிஷிகேஷ் போய் சுவாமி சிவானந்தரைப் பார்த்து நடந்ததைச் சொன்னார், அப்புறம் டெல்லி போய் அடுத்த வேலையில் சேர்ந்தார். அவருடைய மனஉறுதியை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த உறுதிக்குப் பக்கத்தில் ஒரு வளையலும், மனம்விட்டுப் பேச ஓர் ஆளும் இருந்தார்கள் என்கிறேன். அதை விட்டுவிட்டுச் சொன்னால், கேட்கிற பிள்ளை உன்னைப்போல் தன்னையே நொந்துகொண்டுதான் வீட்டுக்குப் போகும். எனக்கு இந்த வகைப் பேச்சுகள்மேல் ஒரு கோபம் உண்டு, மறைக்கவில்லை.

அதற்காக மனநிலை முக்கியமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. முக்கியம்தான். ஆனால் எந்த அளவுக்கு, எந்த இடத்தில் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் கரோல் டுவெக் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம் இது. திறமை என்பது பிறக்கும்போதே அளந்து கொடுக்கப்பட்டது என்று நம்புகிறவர்கள் தோல்வி வந்ததும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அது வளரக்கூடியது என்று நம்புகிறவர்கள் வழியை மாற்றிப் பார்க்கிறார்கள். இந்த எண்ணத்தை ஒரு சிறு பாடமாகச் சொல்லிக்கொடுத்தால் மார்க் கூடுமா என்று அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. மார்க் குறைவாக எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, 4 புள்ளிக்குக் கணக்கிடும் சராசரியில் 0.1 புள்ளி அளவுக்குக் கூடியது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடத்துக்கு இது நல்ல பலன்தான், ஆனால் வானத்தைப் பிளந்துவிடவில்லை. அதிலும், கஷ்டமான கணக்கை முயன்று பார்ப்பதைக் கூடப் படிக்கும் பிள்ளைகளும் மதிக்கிற பள்ளிகளில்தான் அதிகப் பலன் தெரிந்தது. அதாவது எண்ணம் மாறினால் கொஞ்சம் நகரும், சுற்றியிருப்பதும் ஒத்துழைத்தால் இன்னும் நகரும். எண்ணம் மட்டுமே இழுத்துப் போகும் என்று அந்த ஆய்வு செய்தவர்களே சொல்லவில்லை.

இனி ‘ஒரு மணி வரை படிக்கிறேன், நிற்கவில்லை’ என்று எழுதியிருந்தாயே, அதற்கு வருவோம். அந்த வரிக்குப் பக்கத்திலேயே அம்மாவின் போனைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது.

நம் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கக் கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலானவர்கள் செய்தது, 2013-ல் வெளிவந்தது. கரும்புக்காரர்களுக்குப் பணம் கைக்கு வருவது பெரும்பாலும் வருஷத்துக்கு ஒருமுறை, வெட்டி முடிந்த பிறகு. அதனால் அறுவடைக்கு முன்னால் அடகும் கடனுமாக ஓடும், பின்னால் கை கொஞ்சம் தளரும். ஆய்வாளர்கள் அதே ஆட்களுக்கு அறுவடைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, வரிசையாக உள்ள வடிவங்களில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் மாதிரியான சோதனைகளைக் கொடுத்தார்கள். அறுவடைக்குப் பிறகு தெளிவாகச் செய்தார்கள், தவறும் குறைந்தது. அந்த இடைவெளியில் யாரும் படித்துப் புத்திசாலி ஆகிவிடவில்லை. கடன் கவலை பிடித்து வைத்திருந்த இடம் காலியானது, அவ்வளவுதான். கரும்புக்காரருக்கு நடந்தது ஹாஸ்டல் அறையில் உனக்கு நடக்காது என்று சொல்ல முடியுமா? எட்டரை மணிக்கு வட்டிக் கதையைக் கேட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் எந்த மண்டையிலும் ஏறாது.

ஆகவே முதல் வேலை படிப்பைப் பற்றியதே இல்லை. அம்மாவிடம் இப்படிச் சொல்: “அம்மா, தினமும் பேசலாம். சாப்பிட்டியா, தூங்கினியா எல்லாம் கேளு. பணத்தைப் பத்தி மட்டும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேசலாம், அப்போ முழுசா கேட்கிறேன்.” கல்நெஞ்சக்காரி என்று உனக்கே தோன்றும். தோன்றட்டும். உன்னால் அந்த வட்டியை இப்போது அடைக்க முடியாது, கேட்டுக்கொண்டு அழ மட்டும்தான் முடியும். அதற்கு வாரத்தில் ஒரு மத்தியானம் போதும். அம்மாவுக்கும் பேச வேறு ஆள் வேண்டும். பெரியம்மா, அத்தை, மகளிர் குழுவில் நம்பிக்கையான ஒருவர் என்று யாராவது இருப்பார்கள்.

கூடவே உனக்கு வரவேண்டியதெல்லாம் வருகிறதா என்று பார். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரியில் வேறு பெயர் சொல்லி ஏதாவது வசூலித்திருந்தால் எதற்கு என்று ரசீதோடு கேள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. விண்ணப்பித்திருக்கிறாயா? சிலர் ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு இல்லாமல் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். கல்லூரியில் அதற்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பார், அவரிடம் போ.

அடுத்தது தனியாக உட்கார்ந்து படிப்பது. உன் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த சொல் அந்த ‘தனியாக’தான்.

1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் இதே பிரச்சினையைப் பார்த்தார். கறுப்பின மாணவர்கள் பள்ளியில் நன்றாகப் படித்துத்தான் அங்கே வந்தார்கள், ஆனால் முதலாண்டு கால்குலஸில் அவர்களில் பலர் தோற்றார்கள். உடன் வேலை செய்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு காரணம்: ஆர்வம் போதாது, அடிப்படை சரியில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, வருமானம் இல்லை. ட்ரைஸ்மன் இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மாணவர்கள் பின்னாலேயே போய், எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். சொன்ன காரணம் எதுவும் பொருந்தவில்லை. பிள்ளைகளுக்கு ஆர்வத்துக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. பெற்றோர்களும் பின்னால் நின்றார்கள். ஆனால் அவர்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படித்தார்கள். படிப்பு ஒரு பக்கம், நண்பர்கள் ஒரு பக்கம். அதே வகுப்பில் நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களும் முதலில் தனியாகத்தான் கணக்குப் போட்டார்கள். ஆனால் சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே விடையை ஒத்துப் பார்ப்பார்கள். ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பார்கள். எல்லோருக்கும் வராத கணக்கு ஒன்று இருந்தால், அது உண்மையிலேயே கஷ்டமான கணக்கு என்று தெரிந்துவிடும். தனியாக இருப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை. அவர் அது தன் குறை என்று எடுத்துக்கொள்வார்.

இதைப் பார்த்தபின் ட்ரைஸ்மன் கறுப்பின மாணவர்களுக்காக ஒரு பட்டறை தொடங்கினார். பின்தங்கியவர்களுக்கான ஸ்பெஷல் கிளாஸ் என்று பெயர் வைக்கவில்லை, சுலபமான கணக்கும் கொடுக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்கார வைத்தார். அதே மாணவர்கள் நல்ல கிரேடு எடுத்தார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம், யாருக்கும் அவர் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கவில்லை என்பதுதான். உட்காருகிற ஏற்பாட்டை மாற்றினார். நம்பிக்கை அதன் பின்னால் தானாக வந்தது.

உன் வகுப்பில் உன்னைப்போல் தமிழ் வழியில் வந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களும் தங்களுக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். இரண்டு பேரைப் பிடி. மூன்றாவதாக ஆங்கில வழியில் படித்த ஒரு பெண்ணையும் சேர்த்துக்கொள். இதை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். அவளுக்கு டிடர்மினன்ட் என்ற பெயர் தெரியும், உனக்கு அணிக்கோவையைப் போடத் தெரியும், இரண்டு பேருக்கும் லாபம். அரியர் கோஷ்டி மட்டும் தனியாகச் சேர்ந்தால் பேச்சு புலம்பலாகப் போய்விடும், பார்த்திருக்கிறேன். சாயங்காலம் ஒரு மணி நேரம். அதற்கு முன்னால் ஆளுக்கு நான்கு கணக்கு தனியாகப் போட்டுக்கொண்டு வரவேண்டும். வெறும் கையோடு வந்தால் காப்பியடிப்பதில் போய் முடியும்.

கேட்கக் கூச்சம் என்றாய். “சார், புரியலை” என்று கேட்டால் கூச்சம் வரத்தான் செய்யும். கேட்கிற விதத்தை மாற்று. வகுப்பு முடிந்ததும் நோட்டோடு போய், “சார், இந்த மூணாவது வரியிலிருந்து நாலாவது வரி எப்படி வந்தது?” என்று விரல் வைத்துக் காட்டு. இங்கிலீஷ் வேண்டாம், தமிழிலேயே கேள். இப்படிக் கேட்கிற மாணவியைப் பெரும்பாலான ஆசிரியர்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் பதில் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒருவர் கடுகடுத்தால் இன்னொருவரிடம் போ, துறையில் ஆள் இல்லாமலா இருப்பார்கள்? முதலாண்டுப் பாடங்களுக்கு, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ தமிழில் புத்தகங்கள் கொண்டுவந்திருக்கிறது. அதன் இ-கும்ப் இணையதளத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். தமிழ்ப் புத்தகத்தில் கருத்தைப் பிடி, கணக்கை இங்கிலீஷில் எழுதிப் பழகு. தேர்வில் எழுதப்போவது இங்கிலீஷில்தானே.

பைத்தானுக்கு நான் ஆசிரியை இல்லை. ஆனால் இந்த வேலையில் நிறையப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வதைப் பார்த்ததால் ஒன்று சொல்கிறேன். புரோகிராமைப் பார்த்து மனப்பாடம் செய்கிறாயா? அப்படியானால் அது நிற்காது. கல்லூரி லேபில் உட்கார்ந்து நீயே அடி. எரர் வந்து திரையில் வரி வரியாக இங்கிலீஷ் ஓடும்போது பதறாதே. கடைசி வரியை முதலில் படி, என்ன தவறு என்று அங்கேதான் இருக்கும். அதற்குச் சற்று மேலே எந்த வரியில் என்று நம்பர் இருக்கும். ‘இன்டென்டேஷன் எரர்’ என்று வந்தால் அந்த இடத்தில் தள்ளி எழுதியதில் குளறுபடி, அவ்வளவுதான். பல வருஷம் வேலை பார்த்தவர்களுக்கும் நாள் முழுக்க எரர் வரும். அவர்கள் அதைப் பார்த்து ‘நான் லாயக்கில்லை’ என்று நினைப்பதில்லை, எத்தனையாவது வரி என்று பார்க்கிறார்கள். மனநிலை, மனநிலை என்று பெரிதாகப் பேசுகிறார்களே, நடைமுறையில் அது இவ்வளவு சின்ன விஷயம்தான். அரியர் பேப்பரையும் அதே மாதிரி பார்க்கலாம். போன செமஸ்டர் வினாத்தாளை எடுத்து, விட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஏன் விட்டாய் என்று எழுது. பாடமே தெரியவில்லையா, தெரிந்தும் நேரம் போதவில்லையா, கேள்வியின் இங்கிலீஷ் புரியவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எல்லாவற்றுக்கும் ராத்திரி ஒரு மணி வரை விழித்திருப்பதையே மருந்தாக எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

அந்த ஒரு மணியை பதினொன்றாக்கு. படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட, புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்ப்பதுதான் மனதில் நிற்கும். இது பல சோதனைகளில் உறுதியான விஷயம். முதலில் கொஞ்சம்தான் வரும், எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலைத் தாண்டினால் குறைந்த நேரத்தில் வேலை முடியும். இத்தனைக்குப் பிறகும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் போனால் அது படிப்பு விஷயமாக இருக்காது. 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் நேரிலேயே போய்ப் பார்.

பி.எஸ்சி. சேர்வதில் ஒரு கேவலமும் இல்லை. அங்கே போய் நன்றாக வந்தவர்கள் ஏராளம். ஆனால் நீ இப்போது அந்தப் படிப்பு பிடித்திருப்பதால் போக நினைக்கவில்லை, இந்தக் கூச்சத்திலிருந்து தப்பிக்கத்தான் போக நினைக்கிறாய். அங்கேயும் பாடம் இங்கிலீஷில் இருந்தால் அதே கூச்சம் பஸ் ஏறி உன்னோடு வரும். செலவில்லாமல் கிடைத்த இடத்தை விடுவதற்கு முன் இந்த செமஸ்டரை நான் சொன்னபடி படித்துப் பார். முடிவு வந்த பிறகும் கம்ப்யூட்டர் சயின்ஸே பிடிக்கவில்லை என்றால் எனக்கு எழுது, அப்போது அதைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

அப்பாவிடம் இந்த வாரமே சொல்லிவிடு. தபாலிலோ வேறு யார் வாயிலோ போனால் அரியரை விட நீ மறைத்ததுதான் அவருக்கு வலிக்கும். அரியர் என்ற சொல்லே அவருக்குப் புதிதாக இருக்கலாம். ‘ஃபெயில்’ என்று சொன்னால் பள்ளிக்கூடத்து ஃபெயில் என்று நினைத்து இடிந்துபோவார். அதனால் விளக்கியே சொல்: “அப்பா, ரெண்டு பாடத்துல பாஸாகலை. வருஷம் வீணாகாது, அடுத்த செமஸ்டரோட சேர்த்து எழுதிடலாம். அதுக்கு என்ன செய்யணும்னு பார்த்து வச்சிருக்கேன்.” வேலைக்கு என்ன ஆகும் என்று கேட்பார். வளாக நேர்காணல் வரும் நேரத்தில் அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது என்பதுதான் பல நிறுவனங்களின் நிபந்தனை. சில நிறுவனங்கள் பழைய அரியரையும் கேட்கும், அதுவும் உண்மைதான். உனக்கு அதற்கு இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறது என்று சொல்லு.

தேர்வுக்குப் பதிவு செய்யும்போது இந்த செமஸ்டர் பாடங்களோடு இரண்டு அரியர் பேப்பரையும் மறக்காமல் சேர்த்துப் பதிய வேண்டும். கடைசித் தேதி எது, கட்டணம் எவ்வளவு என்று துறை அலுவலகத்தில் நாளைக்கே கேட்டு வைத்துக்கொள்.